எதிர்த்தீ

பயர் லைன் கூட்டுவதை வாசல் கூட்டுகிற வேலை என்று நினைப்பவர்கள் மாசிக் கடைசியில் ஒருநாள் கடுக்காப்பாறைப் பெண்களோடு வந்து நின்று பார்க்க வேண்டும். மலை முதுகின் மேல் ஒரு ஜீப் போகிற அகலத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், புல்லைச் செதுக்கிச் சருகைத் தள்ளி வெறும் மண் தெரிய வைத்திருக்க வேண்டும். கீழேயிருந்து தீ ஏறி வந்தால் தின்ன ஒன்றுமில்லாமல் அந்த இடத்தில் நின்று போக வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு. இன்றைக்குக் கூட்டினால் நாளைக்குக் காற்று வந்து பாதிச் சருகைத் திரும்பக் கொட்டிவிட்டுப் போகும். பாச்சலூர்ப் பக்கத்துக் காற்றுக்கு அந்த மாதத்தில் வேறு சோலி கிடையாது.

அன்றைக்குப் பூங்கொடி வெள்ளனே வந்துவிட்டாள். மற்ற பெண்கள் வீட்டில் வரக்காப்பியை ஊதிக்கொண்டிருந்த நேரம். குச்சிமாற்றை எடுத்து, பாதை சோலைக்கும் சரிவுக்குமாக இரண்டாகப் பிரிகிற கவைவழியில் தொடங்கி, யாரையோ அடிக்கிற மாதிரி கூட்டிக்கொண்டே போனாள். யாரை என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். கேட்காமலே ஊருக்குத் தெரியும், அவள் புருஷன் ஒச்சனைத்தான்.

கடுக்காப்பாறை பளியர் குடியிருப்பு. மொட்டைப் பாறையின் மேல் வீடுகள். தீ வந்தால் வீட்டுக்குப் பயமில்லை, பாறையில் எரிய என்ன இருக்கிறது? பயமெல்லாம் ஊத்துச்சோலைக்குத்தான். பயர் லைனுக்கு மேலே சோலை, கீழே நெல்லிச்சரிவு. சோலைக்குள் இருக்கிற ஊற்றுத்தான் ஊருக்குக் குடிதண்ணீர். சோலை, சரிவு இரண்டுமே சரணாலயத்துக் காடு. கிழங்குக்கும் கடுக்காய்க்கும் பாசிக்கும் போகிறவர்கள் ஒருகாலத்தில் பாரஸ்ட் கார்டைக் கண்டால் புதரில் பதுங்கித்தான் போய் வந்தார்கள். பிறகு காட்டு உரிமைச் சட்டம் வந்தது, காட்டைப் பார்த்துக்கொள்ள ஊர்க் குழு வந்தது. ஆம்பிளைகள் ஒருத்தன் தலைவனாக இன்னொருத்தன் சம்மதிக்கவில்லை. கடைசியில், சண்டை போட்டால் வாயில் யாரும் ஜெயிக்க முடியாத பூங்கொடியைத் தலைவியாக்கிவிட்டு எல்லோரும் நிம்மதியாகப் பீடி பற்ற வைத்தார்கள். முதல் வேலையாக அவள், தீக்காலத்தில் காட்டுக்குள் பீடி கூடாது என்றாள்.

அடுத்துக் கொண்டுவந்ததுதான் பெரிய சட்டம். மாசி பிறந்தால் முதல் மழை விழுகிற வரைக்கும் ஊத்துச்சோலை மூடல். யாரும் உள்ளே போகக் கூடாது. சரிவில் மட்டும் நெல்லியும் கடுக்காயும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வருஷம் அதைக் காப்பாற்றிக் காட்டினால் சோலைக் காவலைக் குழுவிடமே விட்டுவிடுவதாக வனத்துறையில் சொல்லியிருந்தார்கள். இவர்களாலாவது, காப்பாற்றுவதாவது என்று கீழே சிரித்தவர்களும் உண்டு.

அந்தச் சட்டத்துக்கு ஒச்சனும் கை தூக்கியவன்தான். முந்தின நாள் ராத்திரி களியை உருட்டிக்கொண்டே அவன் சொன்னான்.

"பண்ணைக்காட்டுக் கடை பாய் கல்பாசி கேட்டிருக்காரு. பெருநாள் வருதுல்ல. திண்டுக்கல்லு பிரியாணிக் கடைக்காரவுக பூரா கேக்குறாகளாம்."

"மழை விழுகட்டும், எடுத்துத் தாரோம்னு சொல்ல வேண்டியதுதான?"

"மழை விழுகுற வரைக்கும் பெருநாள் காத்துக்கிட்டு நிக்குமா?"

"சோலை மூடிக் கெடக்கு. நீயுந்தான கை தூக்குன?"

"எல்லாரும் தூக்குனாக, நானும் தூக்குனேன். தூக்கலேன்னா அன்னைக்கு வீட்டுல களி கெடைச்சிருக்குமா?"

"வெளையாடாத. நீ இன்னைக்குப் போனா நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போவான். அவனுக்குப் பின்னால பாச்சலூர்க்காரன் போவான். மாமியா ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடமான்னு ஊரு என் மூஞ்சியிலதான் துப்பும்."

"நான் என்ன மரத்தையா வெட்டுறேன்? பாசிய நோகாம உரிச்சுட்டு வாரவன். நடக்கப் பழகுனதுல இருந்து போறேன் அந்தச் சோலைக்கு. எனக்கே கதவச் சாத்துறியா?"

"எல்லாருக்குந்தான்யா சாத்தியிருக்கு. இந்த ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா சோலை நம்ம கையில நிக்கும்."

"போறதுன்னா நான் போவேன். தலைவி சோலியெல்லாம் கூட்டத்தோட வச்சுக்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடியுமுன் இவள் கண் விழித்தபோது ஆளைக் காணோம். அரிவாளையும் காணோம், சாக்கையும் காணோம். எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். போனால் போகட்டும் என்று இவளும் மாற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தக் கோபத்தில் கூட்டியதால் பயர் லைன் அன்றைக்குக் கல்யாண வீட்டு முற்றம் போல இருந்தது. வெயில் ஏறி வந்து சேர்ந்த மதினி சீனியம்மாளே பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சுத்தமா உன் வீட்ட ஒருநாள் கூட்டியிருக்கியாடி?" என்று கேட்டாள். சீனியம்மாள் ஒச்சனுக்கு மூத்தவள். தம்பி பெண்டாட்டியைக் குத்தாமல் அவளுக்குக் காப்பி இறங்காது. அதற்காக மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கை கழுவும்போதுதான் சீனியம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏ பூங்கொடி, வாடை வருதா?"

பூங்கொடி எழுந்து சரிவைப் பார்த்தாள். வெகு கீழே, மலைக்காடு முடிந்து தனியார் தோட்டம் தொடங்குகிற இடத்தில், ஒரு புகை கறுப்பாக எழும்பி மேலே வந்து வெளுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தைச் சுத்தம் பண்ணுகிறவன் உண்ணிச்செடியை வெட்டிக் காயப்போட்டுத் தீ வைத்திருப்பான். வைத்தவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டாமா? கட்டிலில் கிடந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. ஆளுயரப் போதைப்புல், காய்ந்து சலசலத்துக் கிடந்தது. அதற்குள் தீ கால் வைத்துவிட்டது.

வேட்டைத்தடுப்புக் காவலர் ஆண்டிச்சாமி வாக்கி டாக்கியில் கத்தினான். அவனும் கடுக்காப்பாறைக்காரன்தான், பூங்கொடிக்குத் தம்பி முறை. வனவர் குமரகுரு ஆட்களோடும் சருகை ஊதித் தள்ளுகிற ப்ளோயர்களோடும் வந்து சேர்ந்தார். அய்யம்பாளையத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர், மண்ணையும் காற்றையும் தெரிந்தவர். வந்ததும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார்.

"தலைவரம்மா, இப்பக் காத்து சும்மாதான் இருக்கு. உச்சி திரும்புனா கீழ இருந்து மேல தள்ள ஆரம்பிக்கும். அப்புறம் இந்த லைன் பத்தாது, தாண்டிரும். அதுக்கு முன்னால நாம லைன்ல இருந்து எதிர்த்தீ வச்சுக் கீழ அனுப்பிட்டோம்னா, ரெண்டும் நடுவுல முட்டி அவிஞ்சிரும். சோலைக்குச் சேதம் இருக்காது. என்ன சொல்றீங்க?"

எதிர்த்தீ வைப்பதென்றால் குழுத் தலைவி வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. போன வருஷங்களில் வனத்துறைக்காரர்கள் தாங்களாக வைத்த எதிர்த்தீயில் காய்த்துக் கிடந்த நெல்லி மரங்கள் போய்ச் சண்டையானதிலிருந்து அப்படி. அந்த ஏற்பாட்டுக்காகப் பூங்கொடி எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பாள்!

"வச்சிருங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒச்சன் நினைப்பு வந்தது.

"சார், பொறுங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு."

"உள்ளன்னா? மேலயா, கீழயா?"

பூங்கொடி மேலேயும் கீழேயும் பார்த்தாள். மேலே சோலைக்குள் இருந்தால் எதிர்த்தீ அவனையும் சேர்த்துக் காப்பாற்றும். கீழே சரிவில் இருந்தால், ஏறி வருகிற தீக்கும் இறங்கிப் போகிற தீக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வான்.

"தெரியல சார்."

"போன்?"

"சோலைப்பக்கமும் எடுக்காது, சரிவுலயும் எடுக்காது."

சீனியம்மாள் ஓடி வந்தாள். "தெரியலன்னா? கொப்பு போட்டிருப்பான்ல, போயிப் பாருங்கடி."

காட்டுக்குள் போகிறவர்கள் கவைவழியில் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவது கடுக்காப்பாறைப் பழக்கம். கொப்பின் நுனி எந்தப் பக்கமோ, ஆள் அந்தப் பக்கம். திரும்பும்போது எடுத்து எறிந்துவிட்டு வருவார்கள். வெற்றிலை போடுகிறவன் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி கை தானாகச் செய்கிற காரியம். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போகிறவன்கூடக் கொப்பு போடாமல் போக மாட்டான். குழு அதையும் சட்டத்தில் சேர்த்திருந்தது. வனத்துறைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே சட்டம் அதுதான்.

எல்லோரும் கவைவழிக்கு ஓடினார்கள். பூங்கொடி மட்டும் ஓடவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு துரும்பு இல்லை. மாற்றின் கீறல் வரிசையாகத் தெரிய, மண் வெறுமனே கிடந்தது.

"ஏத்தா, இத யாரு கூட்டுனது?" என்றாள் சீனியம்மாள்.

"நான்தான் மதினி."

"கொப்பு கெடந்துச்சா?"

"கெடந்துச்சு போல. மாத்துல பச்சையா என்னமோ தட்டுச்சு."

"நுனி எங்கிட்டு இருந்துச்சு?"

"பாக்கல."

"கண்ணு எங்கடி போச்சு உனக்கு?"

"பாக்கக் கூடாதுன்னுதான் மதினி பாக்கல. மேல பாத்துக் கெடந்தா நான் என்ன செய்ய? தலைவி கண்ணுல பட்டா கூட்டத்துல சொல்லணும், சொந்தப் புருசன நாலு பேரு முன்னால நிறுத்தணும். மூஞ்சியத் திருப்பிக்கிட்டே தள்ளிவிட்டேன்."

சீனியம்மாள் திட்டக்கூட நிற்காமல் லைனுக்கு ஓரத்தில் தள்ளிக் குவித்திருந்த சருகில் விழுந்து இரண்டு கையாலும் துழாவினாள். கொப்பு கிடைத்தது. நெல்லிக் கொப்பு, ஒடித்த இடம் இன்னும் காயவில்லை. கிடைத்து என்ன செய்ய? அவன் காட்டுக்குள்தான் இருக்கிறான் என்பது உறுதியானது, அவ்வளவுதான்.

ஆண்டிச்சாமி ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டு திரும்பி வந்தான். "அக்கா, புகையில கையி முன்னால நீட்டுனா கையி தெரியல. கூவிப் பாத்தேன். பதிலு இல்ல." மேலே சோலைக்கு ஆள் அனுப்பலாம். அதற்குள் நுழைந்து ஒருத்தனைத் தேடிக் கூட்டி வரப் பொழுது சாய்ந்துவிடும். காற்று அதுவரை பொறுத்திருக்காது. பெண்கள் வரிசையாக நின்று இரண்டு பக்கமும் கூவினார்கள். கீழே தீயின் சடசடப்பு. மேலே சோலை ஒரு பதிலும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அமானுல்லா பாயின் ஜீப் முனகிக்கொண்டு வந்து நின்றது. பண்ணைக்காட்டு பஜாரில் மலைச்சரக்குக் கடை அவருக்கு. பாச்சலூருக்குச் சரக்கு எடுக்க வந்தவர் புகையைப் பார்த்துவிட்டு, கிடைத்த கேன்களில் எல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நோன்புக்காரர், உதடு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் கேனைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தவர், ஒரு சொட்டு தன் வாயில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்குகளின் மேல் ஊற்றினார். விஷயத்தைக் கேட்டதும் கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, பாசி நான்தான் கேட்டேன். மூடிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதும்மா, அல்லா அறிய."

"தெரிஞ்சாலும் கேக்குறது ஒங்க சோலி பாய். குடுக்குறதுதான் எங்க சோலி. அவரு என்ன சொன்னாரு?"

"பாக்குறேன் பாய்ன்னாப்புல."

"தாரேன்னு சொல்லலியா?"

"பாக்குறேன்னுதான் சொன்னாப்புல. பாசிக்குப் போயிருந்தா மேலதான இருக்கணும்? சரிவுல பாசி ஏது?"

குமரகுரு அதைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி என்ன பேசுனாரும்மா? சொல்லுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

"போறதுன்னா போவேன்னாரு."

"கோபமாவா?"

"கோவமாத்தான்."

"அப்ப மேலதான் போயிருக்காரு. பாய் கேட்டிருக்காரு, உங்களோட சண்டை போட்டிருக்காரு, சொல்லாமப் போயிருக்காரு. எல்லாம் ஒரு பக்கமாத்தான் கைகாட்டுது. நானா இருந்தா வச்சிருவேன். ஆனா நீங்க சொல்லாம நான் வைக்க மாட்டேன். சொல்றத வெரசாச் சொல்லுங்க."

பூங்கொடி லைன் நடுவில் நின்றாள். அவளைச் சுற்றி ஊரே நின்றது. புருஷன் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத பெண்டாட்டி உலகத்தில் உண்டா? இவள் அன்றைக்கு, பளிச்சியம்மா, என் பேச்சை அந்த ஆளு கேட்டிருக்கக் கூடாது தாயே, மீறியிருக்கணும், சட்டமாவது மண்ணாவது என்று சோலைக்குள் போயிருக்கணும் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டாளே தவிர, நம்ப முடியவில்லை.

ஏனென்றால் ஒச்சனை அவளுக்குத் தெரியும். வாய்தான் காடு மாதிரி கத்தும். பீடி கூடாது என்று அவள் சட்டம் போட்ட அன்றைக்கு வீட்டுக் கூரையே பறந்துபோகிற மாதிரி சத்தம் போட்டான். மறுநாளிலிருந்து காட்டுக்குப் போகும்போது அவன் மடியில் பீடிக்கட்டு இல்லை. அவளாகப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான், அவன் ஒருநாளும் சொன்னதில்லை. தலைவி புருஷன், தலைவி புருஷன் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். வீட்டில் வந்து அதற்கும் கத்தினான். கத்திவிட்டு, அவள் கூட்டத்துக்குப் போகிற நாளில் பிள்ளைகளுக்குக் களி கிண்டிப் போட்டான். இந்த மனுசன் எப்போதும் ஒன்றைச் சொல்வான், செய்வது வேறாக இருக்கும். ராத்திரி போவேன் என்றான். விடிந்து கவைவழியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, தொலையட்டும் என்று கீழேதான் இறங்கியிருப்பான். நெல்லியைப் பொறுக்கிக்கொண்டு கீழேதான் இருப்பான். இந்நேரம் புகையில் திணறிக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருப்பான்.

"ஏத்தா," சீனியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எம் தம்பிடி. ஒத்தத் தம்பி. வைக்கச் சொல்லிராத."

"மதினி, கைய விடு."

"தலைவரம்மா, காத்து ஏறுது." குமரகுருவின் சட்டைக் கழுத்து படபடத்தது.

"வைக்க வேணாம் சார்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"கீழதான் இருக்காரு. எம் பேச்சக் கேக்குற மனுசன் சார் அவரு."

குமரகுரு அவள் முகத்தைப் பார்த்தார். எதிர்த்தீக்கென்று கொளுத்தி வைத்திருந்த பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார். "ப்ளோயர எடுங்கடா. எல்லாரும் கொப்பு ஒடிச்சுக்கங்க. லைன்லயே நிப்பாட்டப் பாப்போம்."

அப்புறம் நடந்ததை நின்று வர்ணித்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? காற்று வந்தது. குமரகுரு சொன்னபடியே கீழேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. தீ ஆளுயரம் இருந்தது ரெண்டாள் உயரம் ஆயிற்று. பச்சைக் கொப்பால் அடித்தார்கள், ஈரச்சாக்கால் அடித்தார்கள். அமானுல்லா பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேன் கேனாக ஊற்றினார். பூங்கொடி அடிக்கிற அடிக்கெல்லாம் சரிவைப் பார்த்தாள். புகைக்குள் ஏதாவது கறுப்பாக அசைந்தால், இதோ வந்துவிட்டான் என்று நெஞ்சு எகிறும். அது எரிந்து சாய்கிற மரமாக இருக்கும். லைன் முழுக்கத் தீ நின்றது, பூங்கொடி கூட்டிய கூட்டுக்கு நிற்காமல் எப்படி? ஆனால் காற்று எரிகிற புல்லைக் கொத்தாகப் பிடுங்கித் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சோலை ஓரத்தில் போட்டது. ஒரு இடம், அப்புறம் இன்னொரு இடம். மலையணில்கள் மரத்துக்கு மரம் தாவிக் கத்தின. எல்லோரும் திரும்பி மேலே ஓடினார்கள்.

ஊத்துச்சோலையின் கீழ் ஓரம் முழுக்க எரிந்தது. காலம் காலமாக ஈரம் காயாத மரங்கள், மேலெல்லாம் பாசி தொங்குகிற மரங்கள். அந்தப் பாசி பொசுங்கும்போது பிரியாணி அடுப்பு வாசம் அடித்தது. பசிக்கிற வாசம் அப்படி வயிற்றைப் பிசையும் என்று அங்கே நின்றவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூங்கொடி அடித்துக்கொண்டே இருந்தாள். கை எரிந்தது, தெரியவில்லை. என்ன அடித்து என்ன, அவன் வரவில்லையே. சரிவு முழுக்கக் கரிந்து போயிற்று, ஒரு மனுசன் ஏறி வரவில்லை. கீழே இறங்கித் தேட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று நினைக்கவும் பயமாக இருந்தது.

அப்போது மேலே, சோலைக்கு உள்ளிருந்து, ஒருத்தன் ஈரச்சாக்கைச் சுழற்றித் தீயை அடித்துக்கொண்டே இறங்கி வந்தான். வந்த வேகத்தில் எரிந்த கொடியொன்றை அரிவாளால் வெட்டித் தள்ளினான். கரிப்பிடித்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்தான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கெல்லாம்? எதிர்த்தீ ஏன் வைக்கல?"

ஒச்சன் திரும்பவும் கேட்டான். "இம்புட்டுப் பேரு நிக்கிறீக. ஒருத்தருக்குமா தோணல? நான் உள்ள ஊத்துக்கிட்ட இருந்தேன், எனக்கு வாடையே இப்பத்தான் வந்துச்சு. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திருப்பீக? இந்தச் சோலைய எரியவிட்டுப் பாத்துக்கிட்டா நின்னீக?"

பதில் சொன்னது சீனியம்மாள்தான். ஓடிப்போய் இரண்டு கையாலும் அவன் முதுகிலும் தோளிலும் அறைந்தாள். "ஏலே, சண்டாளா, மேலயாடா இருந்த? மேலயாடா இருந்த?" என்று அறைந்துகொண்டே அழுதாள். அழுதுகொண்டே அவன் தலையைத் தடவினாள்.

பூங்கொடி அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். போன உசுர் திரும்பி வந்துவிட்டது. சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள், தலைவி அழுகிறாளே என்று யார் பார்த்தால் என்ன. ஒச்சன் அவள் எதிரில் வந்து குந்தினான். கையிலிருந்த சாக்கில் நனைந்த பாசி இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்ததையெல்லாம் கொட்டிவிட்டுச் சாக்கை ஊற்றில் நனைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"என்ன புள்ள? என்ன நடந்துச்சு?"

"நீ கீழ இருக்கேன்னு நெனச்சேன்."

"கீழ எதுக்கு நான் போறேன்? பாசிக்குப் போவேன்னு ராத்திரி சொன்னேன்ல?"

"சொன்ன. சொல்லிட்டுப் போக மாட்டேன்னு நெனச்சேன்."

"மேல பாத்துக் கொப்பு போட்டனே. ஒளிச்சுக்கிட்டா போனேன்? நீ பாக்கணும்னுதான நட்ட நடுவுல போட்டேன்."

"கூட்டிட்டேன்."

ஒச்சன் அவளைப் பார்த்தான். திரும்பி, புகைகிற சோலையைப் பார்த்தான். யாருக்காக அது எரிந்தது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அரிவாளைக் கீழே போட்டான். சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்க்க மாட்டாமல் வேறெங்கோ பார்த்தார்கள். அமானுல்லா பாய் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. ரேஞ்சர் கேட்டார், எதிர்த்தீ ஏன் வைக்கவில்லை, நிறுத்தச் சொன்னது யார் என்று. குமரகுரு அதை நெஞ்சோடு அழுத்திச் சத்தத்தை மறைத்துக்கொண்டு பூங்கொடி பக்கம் குனிந்தார்.

"காத்து முந்திருச்சுன்னு சொல்லிர்றேம்மா. யார் பேரும் வேணாம். உங்க குழுவுக்கு இது முத வருசம்."

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஒச்சனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"காத்து மேல பழி போடாதீங்க சார். நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க. எம் புருசன் உள்ள இருக்காருன்னு நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க. நாளைக்கு வேற யாரு புருசன் உள்ள இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்னும் சேத்துச் சொல்லுங்க."

குமரகுரு விலகிப் போய் ரேஞ்சரிடம் அப்படியே சொன்னார்.

பூங்கொடி ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள். புகையில் குரல் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மூடுன சோலைக்குள்ள போனதுக்கு இவரு அடுத்த மாசி வரைக்கும் காட்டுல கால் வைக்கக் கூடாது. நெல்லிக்கும் கெடையாது, கெழங்குக்கும் கெடையாது. என்னைய என்ன செய்யிறதுன்னு நாளைக்குக் கூட்டத்துல நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஒச்சன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சொல்லி முடிக்கிற வரைக்கும் பூங்கொடி அவன் கையை விடவில்லை. முடித்த பிறகும் விடவில்லை.